ஷேர் ஆட்டோவும் 4096 பைட்டும்

போன வருஷம் ஒரு ராத்திரி நான் ஆன்-கால்ல இருந்தேன். பேமென்ட் சர்வர் லாக்ல ‘எரர்’னு ஒரு வரி விழுந்தா என் போனுக்கு மெசேஜ் வரணும். ஏற்பாடு ரொம்ப சிம்பிள். டெயில் லாக்கைப் படிக்கும், கிரெப் எரர் வரிகளை மட்டும் பொறுக்கும், என் பைத்தான் ஸ்கிரிப்ட் மெசேஜ் அனுப்பும். மூணையும் பைப் போட்டு இணைச்சிருந்தேன்.

2 மணிக்கே பேமென்ட் சொதப்ப ஆரம்பிச்சிருக்கு. எனக்கு முதல் மெசேஜ் வந்தது 3:40-க்கு. அதுவும் ஒண்ணு இல்ல, எழுபது கிட்ட, மொத்தமா. பணம் போயும் ஆர்டர் ஆகாதவங்க எத்தனை பேர்னு காலையில மேனேஜர் கேட்டப்போ தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னேன்.

கொடுமை என்னன்னா, நான் டெஸ்ட் பண்ணியிருந்தேன். டெயில், கிரெப் ரெண்டை மட்டும் ஓட்டிப் பார்த்தப்போ வரி உடனே திரைக்கு வந்துச்சு. அங்கதான் ஏமாந்தேன். டெர்மினலுக்கு எழுதுறப்போ கிரெப் ஒவ்வொரு வரியா விடும். பைப்புக்கு எழுதினா ஷேர் ஆட்டோ கணக்கு: ஆள் நிரம்பாம வண்டி கிளம்பாது. லினக்ஸ்ல அந்த வண்டிக்கு வழக்கமா 4096 பைட் இடம். என் எரர் வரி ஒண்ணு சுமார் 120 பைட். அப்போ 35 எரர் சேர்ந்தாதான் கிளம்பும். நடுவுல கண்ட்ரோல்-சி அடிச்சீங்கன்னா, உள்ளே உட்கார்ந்திருந்த வரிகளும் அப்படியே காலி.

சரின்னு கிரெப்புக்கு லைன்-பஃபர்ட் ஆப்ஷன் கொடுத்தேன். அப்பவும் வரல! அந்த சர்வர்ல இருந்தது பைத்தான் 2. (சிரிக்காதீங்க, பல இடத்துல இன்னும் இருக்கு.) அதுல ஸ்டாண்டர்ட் இன்புட்டை ஃபார் லூப்ல படிச்சா, உள்ளுக்குள்ள 8192 பைட் சேர்ற வரைக்கும் முதல் வரியைக்கூட உங்ககிட்ட தராது. அதாவது அனுப்புறவன் மட்டும் இல்ல, வாங்குறவனும் காத்துக்கிட்டு இருந்திருக்கான். 8192-ஐ 120-ஆல வகுத்துப் பாருங்க, அந்த எழுபது எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியும். மைனஸ் யூ ஆப்ஷன் இதைத் தொடாது, அதையும் போட்டுப் பார்த்துட்டேன். லூப்பை மாத்தி, ரீட்லைன்ல வரிவரியா கேட்டப்புறம்தான் சரியாச்சு. பைத்தான் 3-ல இந்தத் தொல்லை இல்ல.

இப்பல்லாம் பைப் மொத்தத்தையும் ஓடவிட்டு, லாக்ல ஒரே ஒரு பொய் எரர் எழுதிப் பார்ப்பேன். போன் அதிர்ந்தாதான் தூங்கப் போறது.