தொக்கணமும் மாலிசும்

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்களுள் பலர் நாற்காலியில் அமர்ந்து, கோப்புகளோடும் கணிப்பொறியோடும் பகற்பொழுதைக் கழிப்பவர்கள். மாலையில் தோளும் இடுப்பும் வலிக்கும்போது, முடிதிருத்தும் கடையின் ‘சம்பி’யும், கேரள வைத்தியசாலையின் பெயர்ப்பலகையும், ‘ஸ்வீடிஷ் மசாஜ்’ என்ற விளம்பரமும் நம்மை ஒருங்கே அழைக்கின்றன. இவற்றுள் எதனை ஏற்பது, எதனை விலக்குவது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

உடலைப் பிடித்துவிடும் கலை தமிழருக்குப் புதிதன்று. சித்த மருத்துவம் இதனைத் ‘தொக்கணம்’ என்று வழங்குகிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அது ஒன்பது வகைப்படும்.

கேரளத்தில் எண்ணெய்க்கே முதலிடம். உடலெங்கும் தைலம் தேய்ப்பது அப்யங்கம். வெதுவெதுப்பான தைலத்தைத் துணியில் தோய்த்துப் பிழிந்தவாறே தேய்ப்பது பிழிச்சில். களரி மரபில், மேலே கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு பாதத்தால் அழுத்தித் தேய்க்கும் முறையும் உண்டு. ஐரோப்பிய முறையிலோ தடவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல் ஆகியவை முதன்மையானவை. பெயர்கள் வேறாயினும், கைகள் செய்யும் தொழில் பெரிதும் ஒன்றே என்பது விளங்கும்.

மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நமக்கு ஒரு சொல்லின் பயணம் வியப்பூட்டுகிறது. அழுத்துதல் என்னும் பொருளுடைய இந்திச் சொல்லிலிருந்து பிறந்ததே ஆங்கிலத்தின் ‘ஷாம்பு’. 1759இல் பிறந்து பாட்னாவிலிருந்து சென்ற ஷேக் தீன் முகம்மது, இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலோடு உடல் பிடித்துவிடும் நிலையம் நடத்திப் புகழ்பெற்றார். 1822இல் அதுபற்றி நூலும் வெளியிட்டார். அந்நாளில் உடல் பிடித்தலைக் குறித்த அச்சொல், இன்று தலைக்குத் தேய்க்கும் சோப்பு நீராகி நம் குளியலறைக்குத் திரும்பியிருக்கிறது.

இனிப் பயனைக் கருதுவோம். இறுகிய தசை தளர்கிறது, மனக்கலக்கம் தணிகிறது, முதுகுவலி சில நாட்களுக்கேனும் குறைகிறது. இவை மெய்யான பயன்கள். ஆனால் கொழுப்பைக் கரைக்கும், உடலின் நஞ்சை வெளியேற்றும் என்று கூறி விற்பவரை நம்ப வேண்டுவதில்லை. நாள்தோறும் குனிந்தே அமர்பவருக்கு நடையும் உடற்பயிற்சியுமே நிலையான மருந்து. பிடித்துவிடுதல் அதற்குத் துணை மட்டுமே.

விலக்க வேண்டிய வேளைகளும் உண்டு. எலும்பு முறிவு, காய்ச்சல், தோற்புண் ஆகியவை உள்ளபோது தேய்த்தல் கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால், உள்ளே இரத்தம் உறைந்திருக்கக்கூடும். அங்கே அழுத்தினால் உறைகட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்து உயிருக்கே தீங்காகலாம். முதலில் மருத்துவரையே நாடுக. முடி வெட்டியபின் கழுத்தைத் திருகிச் சொடுக்கெடுக்கும் வழக்கத்தையும் தயங்காது மறுத்துவிடுக. கழுத்து நாளம் கிழிந்து பக்கவாதம் நேர்வது அரிதாயினும், நேர்ந்தால் மீள்வது கடினம்.

குழந்தை பெற்ற இல்லங்களுக்கு ஒரு சொல். வடக்கே பச்சிளங்குழந்தைக்குக் கடுகெண்ணெய் தேய்ப்பது பெருவழக்கு. அது மென்தோலை உறுத்தக்கூடும். தேங்காய் எண்ணெய் ஏற்றது. மெல்லத் தடவினால் போதும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடலாகாது.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை ஊரிலேயே விட்டு வந்தோம் என்று வருந்துவோர் உளர். அதற்கு வேண்டுவன ஒரு கரண்டி நல்லெண்ணெய், சிறிது வெந்நீர், அரைமணி ஓய்வு. அவை எந்நகரிலும் கிடைக்கும். முதிய பெற்றோர் நம்முடன் இருப்பின், அவர்தம் கால்களை நாமே இதமாகப் பிடித்துவிடலாம். மொழி தெரியாத ஊரில் நாளெல்லாம் வீட்டிலேயே இருக்கும் அவர்களுக்கு அந்தக் கால்மணிப் பொழுது வலியை மட்டுமன்றித் தனிமையையும் தணிக்கும்.