அட்டையைத் திருப்பிப் பாருங்கள்



என் வயதுக்காரர்கள் பலர் இன்று காபியில் சர்க்கரையை நிறுத்தியவர்கள். அவர்களுக்காகக் கடையில் 'சர்க்கரை சேர்க்காதது' என்று போட்டு பிஸ்கட், சாக்லேட் எல்லாம் வந்திருக்கின்றன. பலவற்றில் இனிப்பைத் தருவது சர்க்கரை ஆல்கஹால்கள். பெயரைக் கேட்டுப் பயப்படாதீங்க, போதை கிடையாது! குளுக்கோஸில் நிக்கல் வினையூக்கியை வைத்து ஹைட்ரஜனை ஏற்றினால் ஆல்டிஹைடு தொகுதி ஆல்கஹாலாக மாறும், கிடைப்பது சார்பிட்டால். நம்ம கெமிஸ்ட்ரி வகுப்பில் படித்த அதே ஒடுக்க வினைதான்.

சரி, கலோரி எவ்வளவு? சர்க்கரையில் கிராமுக்கு 4. சார்பிட்டாலில் சுமார் 2.6, சைலிட்டாலில் 2.4, மால்டிட்டாலில் 2.1. இவை சிறுகுடலில் முழுவதும் உறிஞ்சப்படுவதில்லை, அதனால்தான் குறைவு. எரித்ரிட்டால் உறிஞ்சப்பட்டாலும் பெரும்பகுதி அப்படியே சிறுநீரில் வெளியேறிவிடும், அதில் 0.2 கலோரிதான். சைலிட்டாலை வாயிலுள்ள பாக்டீரியாக்கள் அமிலமாக்க முடியாது, பல்லுக்கு நல்லது. இவ்வளவும் லாபக் கணக்கு.

இப்போது மறுபக்கம். 40 கிராம் சர்க்கரைக்குப் பதில் 40 கிராம் மால்டிட்டால் போட்டால் 160 கலோரி 84 ஆகிறது. பூஜ்யம் ஆகவில்லை! மைதாவும் நெய்யும் எங்கே போச்சு? அதெல்லாம் அப்படியேதான் இருக்கு. மால்டிட்டால் ரத்தச் சர்க்கரையைக் குறைவாக ஏற்றும். ஏற்றவே ஏற்றாது என்பதில்லை. "சர்க்கரைதான் இல்லையே" என்று ஒன்றுக்கு நாலாகச் சாப்பிட்டால் லாபம் போய் நஷ்டம்தான் மிஞ்சும்.

இன்னொன்று. உறிஞ்சப்படாத மிச்சம் பெருங்குடலுக்குப் போய் நீரை இழுக்கும், அங்கே புளித்து வாயுவாகும். அளவு மீறினால் வயிற்றுப்போக்கு நிச்சயம். பேரப்பிள்ளைகளுக்கு அள்ளிக் கொடுக்காதீங்க. ரத்தத்தில் எரித்ரிட்டால் மிகுந்தவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாகக் காணப்பட்டதாக 2023-இல் ஓர் அமெரிக்க ஆய்வு வெளிவந்தது. எரித்ரிட்டால்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனால் கவனம் தேவை.

நண்பர்களே, முன் அட்டை விளம்பரம்; பின் அட்டைதான் கணக்கு. மொத்த மாவுச்சத்து எவ்வளவு, அதில் பாலியால் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று படித்துவிட்டு வாங்குங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மாணவர்களே, நாளைக்கு உணவுத் தொழிற்சாலையில் அந்த அட்டையை எழுதப் போகிறவர்கள் உங்களில் சிலர். சாப்பிடப்போகிறவர் நம்ம வீட்டுப் பெரியவர் என்று நினைத்து எழுதுங்கள்.