லயத்து நியாயமும் கோர்ட்டு நியாயமும்

(கிள்ளான் வட்டாரக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



சம்பளத்தைப் பற்றியும் போனஸைப் பற்றியும் இந்த மேடையில் எத்தனையோ முறை பேசியாயிற்று. இன்று வேறொரு கணக்கைப் பார்ப்போம். தோட்டத்தில் எதைக் குற்றம் என்றார்கள்? யார் விசாரித்தார்கள்? யார் தண்டித்தார்கள்?

கோழி திருடுவது, கள்ளுக்கடை வாசலில் மண்டையை உடைப்பது, பால் வாளியில் தண்ணீர் கலப்பது, ஒட்டுப்பாலைச் சாக்கில் கட்டி இரவோடு இரவாகக் கடைக்காரனிடம் தள்ளுவது: இவையெல்லாம் நாம் அறிந்த குற்றங்கள். ஆனால் நம் பாட்டன்மார் கப்பலேறி வந்த காலத்தில் இவற்றைவிடப் பெரிய குற்றம் ஒன்று இருந்தது. வேலைக்கு வராமல் இருப்பதே அந்தக் குற்றம்! ஒப்பந்தக் கூலியாக வந்தவன் கப்பல் செலவுக் கடனுக்குக் கட்டுப்பட்டவன். தோட்டத்தை விட்டு ஓடினால் பிடித்துவந்து மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினார்கள், சிறையில் அடைத்தார்கள். செட்டியாரிடம் வாங்கிய கடனைக் கட்டாவிட்டால் அது சிவில் வழக்கு. துரையிடம் பட்ட கடனுக்கு உழைக்காவிட்டால் அது கிரிமினல் வழக்கு! ஒப்பந்தக் கூலிக்கு ஆள் எடுப்பது 1910இல் நின்றது. வேலையை விட்டுப் போனவனைச் சிறைக்கு அனுப்பும் வழக்கம் 1920களில்தான் சட்டத்திலிருந்து நீங்கியது.

இது நமக்கு மட்டும் நேர்ந்த கதை என்று எண்ணிவிடாதீர்கள். வெள்ளைக்காரனுக்குப் பக்கத்து வீட்டுக்காரனான ஐரிஷ்காரனும் இதையேதான் பட்டான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயர்லாந்துக் கிராமத்தில் சில்லறைக் குற்றங்களை விசாரிக்கச் சிறு கோர்ட்டுகள் இருந்தன. மாடு மேய்ந்த வழக்கு, கள்ளச்சாராய வழக்கு, சந்தையில் தடியடி வழக்கு எல்லாம் அங்கே போகும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் யார்? பல இடங்களில் அந்த ஊர் நிலச்சுவான்தார்! வாரம் கட்டும் ஏழைக்கு அந்தக் கோர்ட்டில் என்ன நம்பிக்கை இருக்கும்? 1879இல் நிலச் சங்கம் கண்டார்கள். அதன் கிளைகள் தாங்களே வழக்குக் கேட்கத் தொடங்கின. 1880இல் மேயோ மாவட்டத்தில் எர்ன் பிரபுவின் ஏஜெண்டாக இருந்தவர் கேப்டன் பாய்காட். அவருக்குக் குடியானவர்கள் விதித்த தண்டனை அடியுமல்ல, உதையுமல்ல. யாரும் அவர் வயலில் இறங்கவில்லை. யாரும் அவருக்குச் சாமான் விற்கவில்லை. அறுவடைக்கு வடக்கிலிருந்து ஐம்பது ஆட்களைக் கொண்டுவந்து, அவர்களுக்குப் பட்டாளக் காவலும் போட வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு முடியுமுன் மனிதர் அயர்லாந்தை விட்டே போய்விட்டார். பகிஷ்காரத்துக்கு ஆங்கிலத்தில் அவர் பெயரே நிலைத்துவிட்டது.

நம் லயத்துக்கு வருவோம். கோர்ட்டு கிள்ளானிலோ கோலாலம்பூரிலோ இருந்தது. போய்வர ஒரு நாள் ஆகும். ஒரு நாள் பேர் போய்விடும். கோர்ட்டுப் பாஷையும் புரியாது. ஆகவே லயத்துச் சண்டை லயத்திலேயே தீர்ந்தது. முதலில் கங்காணி, பிறகு மாரியம்மன் கோயில் பஞ்சாயத்து. கடன் தகராறு, கோழி வழக்கு, கொடுத்த வாக்கை மீறிய கல்யாணம், எல்லாம் கோயில் வாசலுக்கு வந்தன. சாட்சி இல்லாத வழக்கில் கற்பூரம் ஏற்றி, அதை அணைத்துச் சத்தியம் செய் என்பார்கள். போலீஸ்காரனிடம் ஆயிரம் பொய் சொல்லத் துணிந்தவனும் அம்மன் முன் கையை நீட்டத் தயங்குவான். அபராதம் கோயில் உண்டியலுக்குப் போகும். மறுநாள் காலை வழக்காளிகள் இருவரும் பக்கத்துப் பக்கத்து நிரையில் மரம் வெட்ட வேண்டியவர்கள் அல்லவா? அதனால் தீர்ப்பு பெரும்பாலும் சமாதானமாகவே இருந்தது.

அதற்காகப் பஞ்சாயத்தைத் தலையில் தூக்கிவைத்து ஆட நாம் தயாராயில்லை. உட்கார்ந்தவர்கள் ஆண்கள். அதிலும் மேல்சாதி என்று சொல்லிக்கொண்டவர்களே முன்னால் உட்கார்ந்தார்கள். கண் வீங்கி வந்த பெண்ணிடம், "குடித்தவன் தெரியாமல் அடித்துவிட்டான், அனுசரித்துப் போம்மா" என்று தீர்ப்புச் சொன்ன பஞ்சாயத்துகள் எத்தனை! அவளை அடித்த கைக்குக் கள் ஊற்றிய கடையோ தோட்டத்துக்குள்ளேயே, சர்க்கார் உரிமத்தோடு நின்றது. கடையைப் பஞ்சாயத்து விசாரிக்கவில்லை. 1946, 47இல் கெடாவில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படைதான் கள்ளுக்கடை வாசலிலேயே போய் மறியல் செய்தது. அந்தப் படையின் முறைகளில் சற்று முரட்டுத்தனம் இருந்ததுண்டு. ஆனால் வீட்டுக்குள் நடக்கும் அடியையும் கடைக்குள் ஓடும் கள்ளையும் ஒரே வழக்காகப் பார்த்தவர்கள் அவர்கள்.

கடையையே விசாரிக்காத பஞ்சாயத்து துரையை எங்கே விசாரிக்கப்போகிறது? கங்காணியின் பிரம்புக்கும் கிராணியின் பேனாவுக்கும் அம்மன் வாசலில் வழக்கில்லை. முழு நாள் உழைத்தவனுக்குச் செக்ரோலில் அரைப்பேர் போட்டால் அது எந்தத் திருட்டில் சேரும்? கிராணிமார்களாகிய எங்களுக்கு இது கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். கறுப்புத் துரை என்று நம் முன்னவர்களுக்கு வந்த பெயர் சும்மா வந்ததல்ல.

1941இல் இந்தக் கிள்ளான் வட்டாரத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். கூலி உயர்வு உண்டு. சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி உண்டு. அவற்றோடு இன்னும் என்ன கேட்டார்கள்? துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். கொடுமைக்கார மேலாள்கள் போக வேண்டும். நம் பெண்களிடம் கைவைப்பது நிற்க வேண்டும். கள்ளுக்கடை மூடப்பட வேண்டும். உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும். எந்தக் கோர்ட்டிலும் எடுபடாத வழக்குகளையெல்லாம் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தார்கள்! கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதனை மே மாதம் கைது செய்து நாடுகடத்தினார்கள். சிலாங்கூரில் அவசர நிலை பிரகடனமாயிற்று. பட்டாளம் வந்தது, சுட்டது, தொழிலாளர் சிலர் மாண்டார்கள். சைக்கிளில் உட்கார்ந்தபடியே போகலாமா என்று கேட்டதற்குக் கிடைத்த பதில் அது.

தோட்டத்தின் மிகக் கொடிய தண்டனை சிறையல்ல என்பது பெரியவர்களுக்குத் தெரியும். "ஆளை வெளியேற்று" என்பதே அது. வேலை போனால் வீடு போகும். வீடு போனால் பிள்ளையின் பள்ளிக்கூடமும் போகும். ஒருவன் மீது ஒட்டுப்பால் திருட்டுப் பழி. ஒரு குடும்பமே சட்டிபானையோடு ரோட்டில்! விசாரணை என்று ஒன்று வேண்டாமா? 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது: ஒழுங்கீனம் என்று ஆளை நீக்குமுன் முறையாக விசாரிக்க வேண்டும். விசாரணைக்காக ஒருவரை ஒரு வாரத்துக்கு மேல் நிறுத்திவைக்கக் கூடாது. அந்த வாரத்துக்கு அரைச் சம்பளமாவது தர வேண்டும். குற்றம் இல்லையென்று தெரிந்தால் பிடித்ததைத் திருப்பித் தர வேண்டும்.

இன்று பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயாவாகிவிட்டது. காட்டில் இறங்குகிறவர்களில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். கடன்பட்டு வந்தவர்கள். ஓடிப்போய்விட்டான் என்று முதலாளி எழுதிக் கொடுத்தால் பெர்மிட் ரத்தாகும், பிடிபட்டால் அடைப்பு. நம் பாட்டன்மார் செய்த குற்றம் எது என்று ஆரம்பத்தில் சொன்னோமே, ஞாபகம் இருக்கிறதா?

ஆகவே ஒரு வேலை. குற்றச்சாட்டுக் கடிதம் எவருக்கு வந்தாலும், அவர் எந்த நாட்டவரானாலும், கையெழுத்துப் போடுமுன் கிளைக் காரியாலயத்துக்குக் கொண்டு வாருங்கள். வேலைநீக்கம் நடந்துவிட்டால் 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவின்படி மனுக் கொடுக்க 60 நாள்தான் அவகாசம். மாமாவிடம் கேட்டுச் சொல்கிறேன், தீபாவளி கழியட்டும் என்று சொல்லி அந்த 60 நாளைத் தொலைத்துவிட்டு வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வரும்போது சம்பளச் சீட்டுகளையும் கையோடு எடுத்து வாருங்கள்.