அளவுக்கு முன் ஆயத்தம்

கைதேர்ந்த மோட்டார் மெக்கானிக் ஒருவர், இன்ஜினின் ஒலியைக் கேட்ட மாத்திரத்தில் அதன் நோய் இன்னதென்று சொல்லிவிடுவார். தாராவியிலும் அதன் அண்டை அயலிலும், பள்ளிப் படிப்பை இடையில் விட்டுப் பட்டறையில் சேர்ந்த தமிழ் இளைஞர்கள் இக்கலையைச் செவியாலும் கையாலும் கற்றவர்கள். அது எளிய கலை அன்று. ஆயினும் செவிக்கு எட்டாத செய்திகளும் உண்டு. இந்த இன்ஜின் எந்த வேகத்தில் எவ்வளவு திறன் தருகிறது? நேற்றுச் செய்த மாற்றத்தால் திறன் கூடியதா, குறைந்ததா? இவற்றை எண்ணால் சொல்லும் கருவிதான் டைனமோமீட்டர். கிரேக்க மொழியில் 'டைனமிஸ்' என்றால் ஆற்றல்; 'மெட்ரான்' என்றால் அளவு. தமிழில் திறன்மானி எனலாம்.

1821-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுப் பொறியாளர் பிரோனி என்பார் இதற்கு ஓர் எளிய வழி கண்டார். சுழலும் தண்டை இரு மரக்கட்டைகளால் இறுகப் பிடித்து, கட்டையோடு இணைந்த நெம்புகோலின் நுனியில் எடை தொங்கவிட்டார். தண்டின் முறுக்குவிசை அந்த எடையால் தெரிந்தது. இன்றைய கருவிகளின் தத்துவமும் பெரிதும் இதுவே. முறுக்குவிசையை நியூட்டன் மீட்டரில் அளந்து, நிமிடத்திற்கான சுற்றுகளால் பெருக்கி, 9,549 ஆல் வகுத்தால் கிலோவாட்டில் திறன் கிடைக்கும். 3,000 சுற்றில் 70 நியூட்டன் மீட்டர் எனில் திறன் 22 கிலோவாட். அதாவது 30 குதிரைத்திறனுக்குச் சற்றுக் குறைவு.

இன்ஜினைத் தனியே கழற்றிப் பூட்டி அளக்கும் முறை ஒன்று; பொறியியல் கல்லூரிகளின் சோதனைக்கூடங்களுக்கு அது உகந்தது. வண்டியையே உருளைகளின் மேல் நிறுத்தி, சக்கரத்தில் வெளிப்படும் திறனை அளக்கும் முறை மற்றொன்று. தொடக்க நிலையில் உள்ளவர்கள் பெரும்பாலும் சந்திப்பது இந்த இரண்டாம் முறையைத்தான்.

இங்கே ஒரு மயக்கம் நேர்கிறது. வண்டியை உருளைமேல் ஏற்றிவிட்டால் இன்ஜின் சீராகிவிடும் எனச் சிலர் எண்ணுகின்றனர். தராசு பொன்னைத் தூய்மையாக்குவதில்லை. எவ்வளவு என்று மட்டுமே சொல்லும். அதுமட்டுமன்று: முழுச் சுமையில் ஓடும்போது, நோயுற்ற இன்ஜின் அங்கேயே உடைந்துபோகலாம். குர்லாவில் உருவான பிரீமியர் பத்மினியை எடுத்துக்கொள்வோம். 2023 அக்டோபரில் அது மும்பையின் டாக்சி வரிசையிலிருந்து விடைபெற்றது. அதனை இன்றும் பேணும் அன்பர்கள் உள்ளனர். அதன் 1,089 கன சென்டிமீட்டர் இன்ஜின் பழுதுபட்டால், மாற்று உறுப்புகளைத் தேடி அலைய வேண்டும். நம்பி ஒப்படைத்தவரின் பொருளும், பெற்றுக்கொண்ட இளைஞரின் நற்பெயரும் ஒருங்கே போகும்.

ஆகவே முதற்பணி உடல்நலச் சோதனை. இன்ஜின் எண்ணெய், காற்று வடிகட்டி, ஸ்பார்க் பிளக்குகள், குளிர்விக்கும் நீர் ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். பின்னர் கம்ப்ரஷன் சோதனை. இன்ஜின் சூடாயிருக்கையில், எரிபொறியையும் எரிபொருளையும் துண்டித்து, எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுதும் அழுத்தி, ஸ்டார்ட்டரால் சுழற்றி ஒவ்வொரு சிலிண்டராக அழுத்தம் பார்க்க வேண்டும். சிலிண்டர்களுக்கிடையே 10 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் டைனமோமீட்டரை மறந்துவிடுக. குறைந்த சிலிண்டரில் சிறிது எண்ணெய் விட்டு மறுபடி அளக்கலாம். அழுத்தம் உயர்ந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கக் கூடும். உயராவிடில் வால்வையோ கேஸ்கெட்டையோ ஐயுற வேண்டும்.

அடுத்தது எரிபொருள். 1950-களின் நடுவில் செம்பூரை அடுத்த மாகுல் பகுதியில் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. அக்காலத்துப் பெட்ரோல் வேறு, இன்றையது வேறு. 2023-இல் விற்பனைக்கு வந்து இரண்டே ஆண்டுகளில் நாடெங்கும் பரவிய பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்துள்ளது. ஒரு பங்கு தூய பெட்ரோல் எரிய, எடைக் கணக்கில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். இக்கலவைக்கு ஏறத்தாழ 13.5 பங்கே போதும். ஆதலின் அதே காற்றுக்கு எரிபொருள் கூடுதலாகச் செல்ல வேண்டும். பழைய கார்புரேட்டர் இதை அறியாது. கலவை மெலிந்து, வெப்பம் மிகுந்து, முழுச் சுமையில் 'நாக்கிங்' என்னும் தட்டலோசை எழுந்தால் பிஸ்டனுக்கே கேடு வரும். எத்தனாலைத் தாங்காத பழைய ரப்பர்க் குழாய்களையும் முன்னதாகவே மாற்றிவிடுதல் நலம்.

மூன்றாவது பாதுகாப்பு. விரிசல் கண்ட டயரை உருளைமேல் ஏற்றலாகாது; டயர் இடுக்கில் சிக்கிய கல் துப்பாக்கிக் குண்டுபோல் தெறிக்கும். சக்கர நட்டுகளை முடுக்கி, வண்டியைப் பட்டைகளால் முன்னும் பின்னும் கட்ட வேண்டும். ஓடும்போது எவரும் சக்கரத்திற்கு நேர்ப் பின்னால் நிற்கலாகாது. தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். எல்லாவற்றிலும் கொடியது புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை, உயிரைக் கொல்லும். ஆடி மழைக்கு அஞ்சிக் கதவை இழுத்து மூடிய சிறு பட்டறையில் ஒருபோதும் இன்ஜினை ஓட்ட வேண்டா.

இவை முடிந்தபின் ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். அன்றைய வெப்பம், காற்றழுத்தம், ஈரப்பதம், டயர்க் காற்று, கியர் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மும்பையின் புழுக்கமான காற்றில் ஆக்சிஜன் குறைவாதலால், மார்கழிக் காலையில் கிடைத்த எண் வைகாசிப் பகலில் கிடைக்காது. பத்மினி போன்ற பழைய வண்டிகளில் நேர் கியரான நான்காம் கியரே அளப்பதற்கு ஏற்றது. எதையும் மாற்றாமல் மூன்று முறை ஓட்டுங்கள். மூன்றும் ஒத்து வந்தால் அதுவே அடிப்படை அளவு. பிறகு ஒரு முறைக்கு ஒரே மாற்றம். டைமிங்கையும் ஜெட்டையும் ஒருசேர மாற்றினால், பலன் எதனால் விளைந்தது என்பதை எவரும் சொல்ல இயலாது. எந்த வெப்பத்தில், எந்தச் சுற்றில் நிறுத்துவது என்பதையும் தொடங்குமுன்பே எழுதி வைத்துவிடுங்கள். ஊசி ஏறும் உற்சாகத்தில் அது நினைவுக்கு வாராது.

மாதுங்காவின் வீரமாதா ஜீஜாபாய் தொழில்நுட்ப நிறுவனம் 1887-இல் வேறு பெயரில் தோன்றிய பழம்பெருங் கல்விக்கூடம். அங்கே பயிலும் மாணவரையும் தாராவிப் பட்டறை இளைஞரையும் பிரிப்பது அறிவன்று. பெரும்பாலும் எழுதி வைக்கும் பழக்கமே. செவி சொன்னதை எண்ணால் சோதித்து, எண்ணை ஏட்டில் குறிப்பவர், தம் வேலைக்கு உரிய கூலியைத் தலைநிமிர்ந்து கேட்கலாம். வண்டிக்காரர் ஐயுற்றால் அந்த ஏடே சாட்சி சொல்லும்.