டிபி மருந்து இலவசம், சாப்பாடு?

மயிலம் பக்கத்துல கூலி வேலைக்குப் போற ஒருத்தருக்கு டிபி வந்தா, மருந்து இலவசம். சத்தான சாப்பாட்டுக்கு மாசம் 1,000 ரூபாயும் அரசு தருது. 2024 நவம்பர் வரைக்கும் அது 500தான். ஆனா கூலி நின்னுடுது. வீட்டுல மத்தவங்க என்ன சாப்பிடுவாங்க?

ஜார்க்கண்டுல நடந்த ஐசிஎம்ஆர் ஆய்வு ஒண்ணு 2023ல வெளியாச்சு. நோயாளிக்கு மட்டும் இல்லாம, வீட்டுல இருக்குறவங்களுக்கும் ஆளுக்கு மாசம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, சத்து மாத்திரைன்னு ஆறு மாசம் கொடுத்தாங்க. கொடுக்காத வீடுகளைவிட, அங்க மத்தவங்களுக்கு டிபி வர்றது 39 சதவீதம் குறைஞ்சது.

நம்ம ஊர்ல ரேஷன் அரிசி இலவசம். அதனால உதவணும்னா பருப்பு, முட்டை, நம்ம மல்லாட்டை வாங்கிக் கொடுங்க. ஒரு தடவை இல்லை, ஆறு மாசம். 'நிக்ஷய் மித்ரா' திட்டத்துல தனிநபரும் சேரலாம். ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க.

ஒண்ணே ஒண்ணு: கொடுக்கும்போது போட்டோ எடுக்காதீங்க. டிபின்னு ஊருக்குத் தெரிஞ்சா, அந்த வீட்டுப் பொண்ணுக்கு வரன் தட்டிப்போகும். அடுத்த எபிசோடுல பார்ப்போம்.