பாய்வுமானிக்குக் கணிப்பொறி போடும் கணக்கு



நான் அரிமளத்துக்காரன். எங்கள் புதுக்கோட்டைச் சீமைக் கண்மாய்களில் குமிழித் தூம்பு பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்தூண், நடுவே அடைப்பு, கீழே துளை. கண்மாயில் தண்ணீர் நாலு மடங்கு உயர்ந்தால் துளை வழியே ஓட்டம் நாலு மடங்கு ஆகாது; இரண்டு மடங்குதான். ஆலைக் குழாய்க்குள் வைக்கும் ஆரிபிஸ் தகட்டுக்கும் இதே வர்க்கமூலக் கணக்குதான். தகட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை வைத்து, எவ்வளவு பாய்கிறது என்று சொல்லிவிடுகிறோம்.

சரி, துளை எத்தனை மில்லிமீட்டர்? அங்கேதான் சாப்ட்வேர் வருகிறது. விட்டம் கண்டுபிடிக்க வெளியேற்றக் குணகம் தெரியவேண்டும். அது சுமார் 0.6. ஆனால் அந்தக் குணகமே விட்டத்தையும் ரெனால்ட்ஸ் எண்ணையும் பொறுத்தது. கோழி முந்தியா முட்டை முந்தியா கதைதான்! ஒரு மதிப்பை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் போட்டு நெருங்கவேண்டும். கையால் போட்டால் பக்கம் பக்கமாகப் போகும். கணிப்பொறி கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிடும். ஐ.எஸ்.ஓ. 5167 தரத்தின் 2003 பதிப்பில் உள்ள ரீடர்-ஹாரிஸ், கல்லகர் சமன்பாட்டை அதுவே போட்டுக்கொள்ளும்.

ஆனால் நாம் கொடுக்கிற விவரம்? ஓர் ஆலை, பெயர் வேண்டாம், பக்கத்து ஆலைக்கு நீராவி விற்கிற இடம். மீட்டர் குறைவாகக் காட்டுதுன்னு கூப்பிட்டார்கள். டிரான்ஸ்மிட்டரில் கோளாறு இல்லை. வடிவமைப்புத் தாளை வாங்கிப் பார்த்தேன். 10 பார் கேஜ் அழுத்தத்தை, முழு அழுத்தம் கேட்கிற கட்டத்தில் அப்படியே போட்டிருந்தார்கள். காற்றுமண்டலத்தின் 1 பார் விட்டுப்போச்சு. அடர்த்தி கன மீட்டருக்கு 5.64 கிலோ வரவேண்டியது 5.15 என்று வந்துவிட்டது. 100 டன் போனால் மீட்டர் 95.5 டன் காட்டும். மீதி நாலரை டன்னுக்குக் காசு கிடையாது. சாப்ட்வேர் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் தாளை அச்சடித்துக் கொடுத்திருக்கிறது!

தகட்டைத் திருப்பிப் போட்டாலும், துளையின் கூர் விளிம்பு மழுங்கினாலும், முன்னாலேயே ஒரு வளைவுக் குழாய் இருந்தாலும் அதற்குத் தெரியாது. போய்ப் பார்க்கவேண்டும். சந்தேகம் தீராவிட்டால் மீட்டரைச் சோதனைக்கு அனுப்பவேண்டும். பாலக்காட்டில் 1987இல் தொடங்கிய பாய்மக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி நிலையம் இந்த வேலையைச் செய்கிறது; நமக்குப் பக்கம்தான்.

மூன்றாம் ஆண்டுத் தம்பி தங்கைகள் ஒரு தகட்டையாவது கையால் போட்டுப் பார்க்கவேண்டும். அந்த நீராவிக் கணக்கையே, ஆலையின் பெயரை எடுத்துவிட்டு, நூலகத்தில் கொடுத்திருக்கிறேன். விடை எழுதவில்லை.