சுங்கம் கொள்வதும் சுங்கம் தவிர்ப்பதும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

கோடை விடுமுறை வந்ததும் புனேயில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல காரிலேயே ஊருக்குப் புறப்படுகின்றன. சாதாரா, கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி, பெங்களூர் என நீளும் அவ்வழியில் கேட்-சிவாபூர் சுங்கச்சாவடியைக் கண்டவுடனேயே பெரியவர்கள் கணக்குப் போடத் தொடங்கிவிடுவர். "சாலைக்கென்று வரி கட்டுகிறோமே, மீண்டும் சுங்கம் ஏன்?" என்று பிள்ளைகளும் கேட்பர். நாம் முணுமுணுப்போமேயன்றி விடை சொல்வதில்லை. அவ்விடையையே இன்று சிறிது ஆராய்வோம்.

சுங்கம் தமிழர்க்குப் புதிதன்று. வள்ளுவர் அரசனுக்குரிய பொருள்களுள் ஒன்றாக உல்கினை எண்ணினார். முதற் குலோத்துங்கனோ 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று புகழ்பெற்றான். வாங்குவது அரசின் உரிமை. விடுப்பது அரசின் புகழ். இவ்விரண்டிற்கும் இடையேதான் இன்றும் வழக்கு நடக்கின்றது. கோவையில் 'சுங்கம்' என்றும், திருச்சியிலும் தண்டையார்பேட்டையிலும் 'டோல்கேட்' என்றும் ஊர்ப்பெயர்கள் நிற்கின்றன. பழைய வசூல் போயிற்று, பெயர் மட்டும் போகவில்லை.

நம் மராட்டிய மண்ணுக்கு வருவோம். பம்பாயில் 1845-இல் திறக்கப்பட்ட மாகிம் பாலவழிக்கு ஜம்ஷெட்ஜி சீமாட்டியார் ஒன்றரை இலட்சம் ரூபாய்க்கு மேல் ஈந்தார். அதில் நடப்போரிடம் சுங்கம் வாங்கலாகாது என்பதே அவர் விதித்த நிபந்தனை. ஆனால் எல்லாச் சாலைக்கும் ஒரு வள்ளல் கிடைப்பாரா?

வள்ளல் இல்லாவிடத்துக் கடன் வேண்டும். கடனை அடைக்கச் சுங்கம் வேண்டும். 1996-இல் மகாராஷ்டிர மாநிலச் சாலை வளர்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டது. மும்பையின் 55 மேம்பாலங்களுக்கு ஆன செலவை மீட்க, அந்நகரின் ஐந்து நுழைவாயில்களில் சுங்கம் விதிக்கப்பட்டது. நம்மையும் மும்பையையும் இணைக்கும் ஏறத்தாழ 95 கிலோமீட்டர் விரைவுச்சாலை 2002-இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. 2004-இல் அதன் பதினைந்தாண்டு வசூல் உரிமை 918 கோடி ரூபாய்க்கு ஒரு தனியார் நிறுவனத்திற்கு அளிக்கப்பட்டது. நாளை வரவேண்டிய வருவாயை இன்றே மொத்தமாகப் பெறும் முறை இது. விளைச்சலுக்கு முன்பே தோப்பைக் குத்தகைக்கு விடுவது போன்றதே. அக்குத்தகை 2019-இல் முடிந்தபின்னும் வசூல் நிற்கவில்லை. 2023 ஏப்ரலில் காருக்குரிய கட்டணம் 270 ரூபாயிலிருந்து 320 ரூபாயாயிற்று.

இங்கேதான் மக்களின் மனம் நோகின்றது. கொடுப்பது பெரிதன்று, எதுவரை கொடுப்பது, எதற்காகக் கொடுப்பது என்பது விளங்காமையே பெரிது.

2024 அக்டோபரில், சட்டமன்றத் தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்னதாக, மும்பையின் அந்த ஐந்து வாயில்களிலும் கார்களுக்குச் சுங்கம் தவிர்க்கப்பட்டது. சரக்கு லாரிகளுக்குத் தவிர்க்கப்படவில்லை. காருடையோர் மகிழ்ந்தனர். ஆயினும் பாலத்தின் செலவு காற்றில் கரைந்துவிடுமா? அது பொதுக் கருவூலத்தின் மேல் விழும். லாரி கொடுக்கும் சுங்கமோ காய்கறி விலையில் வந்து சேரும். ஆக, காரே இல்லாதவனும் ஒரு பங்கு சுமக்கிறான். சுங்கம் தவிர்த்தல் எல்லார்க்கும் அறமாகிவிடாது என்பதை இதனால் உணர்கிறோம்.

பிற நாட்டு நகரங்கள் வேறு வழி கண்டன. சிங்கப்பூர் 1975-இலேயே நகர நடுப்பகுதிக்குள் நெரிசல் நேரத்தில் நுழையும் கார்களுக்குக் கட்டணம் விதித்தது. லண்டன் 2003 பிப்ரவரியில் நாளொன்றுக்கு ஐந்து பவுன் என்று தொடங்கியது. செலவு போக மிஞ்சுவது போக்குவரத்துக்கே என்று சட்டம் வரையறுத்தது. பஸ் வசதி பெருகிற்று. ஸ்டாக்ஹோம் நகரமோ 2006-இல் சில மாதம் நடத்திக் காட்டிவிட்டு, மக்களிடம் வாக்குக் கேட்டது. பயனைக் கண்ணாரக் கண்ட நகரமக்கள் இசைந்தனர். 2007-இல் அது நிலைபெற்றது.

நம் புனேயிலும் நெரிசல் நாளும் வளர்கின்றது. மெட்ரோ ரெயில் 2022 மார்ச்சில் ஓடத் தொடங்கியது. எனினும் பஸ்ஸையே நம்பி வாழ்வோர் பலர். நாளை இந்நகரமும் சுங்கம் கேட்குமாயின் நாம் என் செய்வது? வெறுமனே எதிர்ப்பதா, வாளா கொடுப்பதா? இரண்டும் வேண்டா. மூன்று வினாக்களை எழுப்புவோம். எத்தனை ஆண்டுக்கு? வரவு செலவுக் கணக்கை ஆண்டுதோறும் மக்கள் முன் வைப்பீர்களா? இப்பணத்தால் பஸ் நிறுத்தத்தில் காத்து நிற்கும் தாய்க்கு என்ன கிடைக்கும்?

பிழைக்க வந்த ஊர்தானே என்று ஒதுங்கியிருத்தல் நமக்கு அழகன்று. நம் பிள்ளைகள் பிறந்ததும் பள்ளி செல்வதும் இவ்வூர்ச் சாலைகளில்தான். ஆதலின், அடுத்த முறை சுங்கச்சாவடியில் பிள்ளை "ஏன்?" என்று கேட்டால், முணுமுணுக்காது விடை சொல்வோம், அவ்வினாவையே நகராட்சி மன்றத்திலும் மராட்டிய அன்பர்களுடன் சேர்ந்து கேட்போம். கேட்கும் குடிமக்கள் உள்ள ஊரில்தான் கொடுத்த காசு சாலையாகும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!